பழைய 350 இன்ஜினில் ரோலர் கேம்: வாங்கும் முன்னும், மாட்டும்போதும்

ரோலர் கேம்ஷாஃப்ட் மாட்டுவது கஷ்டமான வேலை இல்லை. கேம்ஷாஃப்ட் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதன் மேடான லோப் லிஃப்டரைத் தூக்கும்; லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும்; அது ராக்கர் என்ற நெம்புகோல் வழியாக வால்வைத் திறக்கும். லிஃப்டரின் அடி தட்டை என்றால் தட்டை கேம், அடியில் சக்கரம் இருந்தால் ரோலர் கேம். பழைய கேமை உருவிவிட்டுப் புதியதை உள்ளே விட அரை மணி நேரம் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தட்டை லிஃப்டர் கேம், யாரும் கேட்காமலே சில வேலைகளைத் தானாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் அந்த வேலைகள் எல்லாம் உங்கள் தலையில் விழும். அவை என்னென்ன என்று தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் 350. 1955-இல் 265 கன அங்குலக் கொள்ளளவோடு வந்த குடும்பம் அது. 350 வந்தது 1967-இல். சிலிண்டரின் விட்டம் (போர்) 4.00 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 3.48 அங்குலம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இன்ஜின் கிடையாது. பாகங்கள் மலிவு, அளவுகள் எல்லோருக்கும் மனப்பாடம், தப்பு செய்தாலும் திருத்திக்கொள்ள வழி உண்டு. அளவுகளை அங்குலத்திலேயே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இன்ஜினே அங்குலத்தில் பிறந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நம் லேத் பட்டறைகளில் 'தௌ' என்பார்கள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

ரோலர் எதற்கு?

தட்டை லிஃப்டர் கேமின் லோபில் சறுக்கிக்கொண்டு ஓடுகிறது. வால்வை வேகமாகத் திறக்க லோபின் ஏற்றத்தைச் செங்குத்தாக்கினால், லோப் லிஃப்டரைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும். இந்த இன்ஜினில் லிஃப்டரின் விட்டம் 0.842 அங்குலம்தான். ஓரத்தைத் தாண்டினால் விளிம்பு லோபைச் சீவிவிடும். அதனால் தட்டை கேமுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. ரோலருக்கு அந்த வரம்பு இல்லை. வால்வு சீக்கிரம் திறந்து, அதிக நேரம் நன்றாகத் திறந்தே இருந்து, சீக்கிரம் மூடும். ஐடிலும் கெடாமல் மேலே இழுவையும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் எண்ணெய். தட்டை லிஃப்டரைக் காப்பாற்றுவது எண்ணெயில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் கலவை. 2004-இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்எம் தரம், சாதாரண கார்களுக்கான எண்ணெய்களில் பாஸ்பரஸ் அளவுக்கு இன்னும் இறுக்கமான உச்சவரம்பு போட்டது. அதற்குப் பிறகு புதுத் தட்டை கேம்கள் ஓட ஆரம்பித்த இருபதாவது நிமிடத்திலேயே லோப் தேய்ந்துபோன கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ரோலருக்கு இந்தத் தலைவலி இல்லை.

புதிதாக வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பழைய கேமையே கிரைண்ட் செய்து ரோலராக்க முடியுமா? முடியாது. தட்டை கேம் வார்ப்பிரும்பு. ரோலர் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில்; அந்த அழுத்தத்தில் வார்ப்பிரும்பின் மேல்தோல் பெயர்ந்து வந்துவிடும். ரோலர் கேமை 8620 போன்ற ஸ்டீல் பில்லெட்டில் கடைந்து, மேல்தோலுக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கி, கடைசியில் கிரைண்ட் செய்கிறார்கள். தெரு உபயோகத்துக்கு வரும் பல ஹைட்ராலிக் ரோலர் கேம்கள் (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் லிஃப்டரோடு ஓடுபவை) கடினப்படுத்திய டக்டைல் இரும்பிலும் வரும். உங்களுடையது எந்த உலோகம் என்பதைக் கேமோடு வரும் அட்டையில் பார்த்து வையுங்கள். பிறகு ஓரிடத்தில் அது தேவைப்படும்.

முதலில் உங்கள் பிளாக்கைப் பாருங்கள்

1987-இல் கார்களுக்கான 350-இல் ஷெவ்ரோலேவே ஹைட்ராலிக் ரோலரைக் கொண்டுவந்தது. அந்த பிளாக்குகளில் லிஃப்டர் துளைகள் உயரமாக இருக்கும், லிஃப்டர் திரும்பாமல் பிடிக்கும் தகடுகளும் அவற்றை அழுத்தும் சிலந்தி போன்ற ஸ்பிரிங் தகடும் இருக்கும், கேமின் முன்னால் அதைத் தடுக்கும் த்ரஸ்ட் பிளேட் இருக்கும். இது உங்களிடம் இருந்தால் அதிர்ஷ்டம். கேம், ஸ்பிரிங், புஷ்ராட் மட்டும் பார்த்தால் போதும்.

அந்தக் காலத்து டிரக் பிளாக்குகள் பலவற்றில் வேடிக்கை ஒன்று நடக்கும். உள்ளே தட்டை கேம்தான் ஓடும், ஆனால் ரோலருக்கான மேடுகள் வார்ப்பிலேயே இருக்கும். துளை போட்டு மரை வெட்டாமல் விட்டிருப்பார்கள். ஒரு நல்ல மெஷின் ஷாப் அதைச் சுலபமாக முடித்துத் தரும். துளை போட்ட பிறகு பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டுக் கழுவாமல் அசெம்பிளி ஆரம்பிக்காதீர்கள். எண்ணெய்ப் பாதையில் தங்கும் ஒரு சுருள் சீவல் போதும், புது பேரிங்கைக் கீறிவிட.

1987-க்கு முந்தைய பிளாக் என்றால் 'ரெட்ரோஃபிட்' லிஃப்டர்கள் வேண்டும். இரண்டிரண்டாக ஒரு இணைப்புப் பட்டையால் கோத்திருப்பார்கள். தட்டை லிஃப்டர் சுழல வேண்டும், சுழன்றால்தான் பிழைக்கும். ரோலர் லிஃப்டர் சுழலவே கூடாது. சக்கரம் பக்கவாட்டில் திரும்பினால் லோபை உழுதுவிடும். அந்தப் பட்டையின் வேலை அதைத் தடுப்பது. இனி எழுதுவது பெரும்பாலும் இந்தப் பழைய பிளாக்குக்குத்தான்.

மெஷின் ஷாப்பில் ஆக வேண்டியவை

கேம் பேரிங் ஐந்தையும் வீட்டில் தட்டி ஏற்றப் பார்க்காதீர்கள். அதற்கென்று தனிக் கருவி உண்டு. பேரிங்கின் எண்ணெய்த் துளை பிளாக்கின் துளைக்கு நேராக உட்கார வேண்டும். ஏற்றிய பிறகு உங்கள் கேமை உள்ளே விட்டு, விரல்களால் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கிருந்து கிளம்புங்கள். இழுத்துப் பிடித்தால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.

லிஃப்டர் துளைகளில் தேய்மானம் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்றரை தௌ வட்டாரத்தில் இடைவெளி இருந்தால் நல்லது. ரொம்ப லூஸ் என்றால் எண்ணெய் அழுத்தம் அங்கேயே கசிந்துபோகும்.

ஹெட்டில்தான் உண்மையான மெஷினிங் இருக்கிறது. தொழிற்சாலைத் தட்டை கேமின் ஸ்பிரிங், வால்வு மூடிய நிலையில் 80 பவுண்டு அளவில்தான் அழுத்தும். ஹைட்ராலிக் ரோலருக்கு 120 முதல் 140 பவுண்டு வேண்டும். திறந்த நிலையில் 300-ஐத் தாண்டும். ரோலர் லிஃப்டரே கனம்; லோபும் அதை வேகமாக எறிகிறது. ஸ்பிரிங் அதை லோபின் மேலேயே பிடித்து வைக்க வேண்டும். இவ்வளவு அழுத்தம் வரும்போது பழைய ஹெட்டில் வெறுமனே அடித்து இறக்கிய 3/8 அங்குல ராக்கர் ஸ்டட் மெல்ல மெல்ல மேலே வந்துவிடும். ஸ்டட் மேட்டைச் சீவி, மரை வெட்டி, திருகும் ஸ்டட் போட வேண்டும். புஷ்ராடை நேராகப் பிடிக்கும் கைடு பிளேட் போடுகிறீர்கள் என்றால் அதன் தடிமனையும் சேர்த்துச் சீவச் சொல்லுங்கள். கைடு பிளேட் இருந்தால் கடினப்படுத்திய புஷ்ராட் கட்டாயம். தானே நேராக நிற்கும் வகை ராக்கரைக் கைடு பிளேட்டோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டும் சண்டை போடும்.

ஸ்பிரிங் உட்காரும் இடத்தை அகலப்படுத்துவதும், வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடின் தலையைச் சீவுவதும் அடுத்த வேலை. 1996-இல் வந்த வோர்டெக் ஹெட் காற்றோட்டத்துக்குப் பேர் போனது. ஆனால் அதில் எதையும் சீவாமல் 0.460, 0.470 அங்குலத்துக்கு மேல் வால்வை ஏற்றினால் ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் ரிடெய்னர் போய் கைடில் இடிக்கும். கேமை வாங்கிவிட்டு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

கணக்கு இப்படி. லோபின் ஏற்றம் 0.320 அங்குலம், அதை ராக்கர் பெருக்கும் விகிதம் 1.5. வால்வு ஏறுவது 0.480. ஸ்பிரிங் பொருத்திய உயரம் 1.750 என்றால், முழுக்கத் திறக்கும்போது அது 1.270-க்குச் சுருங்கும். சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 1.150 என்றால் மிச்சம் 120 தௌ. குறைந்தது 60 தௌ மிச்சம் இருக்க வேண்டும். ரிடெய்னருக்கும் வால்வு சீலுக்கும் நடுவில் 50, 60 தௌ வேண்டும். நாளைக்கு 1.6 ராக்கர் மாட்ட ஆசை வந்தால் ஏற்றம் 0.512 ஆகிவிடும். அதையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கேமை உள்ளே விடுதல்

கேமின் முன்முனையில் நீளமான போல்ட்டுகளைத் திருகிக் கைப்பிடி ஆக்கிக்கொள்ளுங்கள். பேரிங்கில் உட்காரும் ஜர்னல்களிலும் லோப்களிலும் அசெம்பிளி லூப் தடவி, ஒரு கை முன்னால், ஒரு கை லிஃப்டர் பள்ளம் வழியாக உள்ளே தாங்கிப் பிடித்து, பேரிங்கில் எங்கும் கீறாமல் உள்ளே விடுங்கள். தட்டை கேமுக்குத் தடவும் கருப்பு மாலி பேஸ்ட் இங்கே வேண்டாம். சக்கரம் உருள வேண்டும். பசையில் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது.

லிஃப்டர்களை எண்ணெயில் நனைத்து இறக்கிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். கேமைச் சுற்றி லிஃப்டர் முழுக்க இறங்கிய நிலையிலும் முழுக்க ஏறிய நிலையிலும் அதன் எண்ணெய்க் காடி துளைக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்த வழியாக அழுத்தம் போய்விடும். இணைப்புப் பட்டை பிளாக்கில் எங்கும் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கேம் முன்னும் பின்னும் நடக்காமல்

இந்த வேலையில் நான் பட்ட அடி இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தட்டை கேமின் லோப் உண்மையில் தட்டை இல்லை. ஒரு தௌ அளவுக்குச் சரிவு வைத்து கிரைண்ட் செய்திருப்பார்கள். லிஃப்டரைச் சுழல வைப்பது அந்தச் சரிவு. கூடவே கேமைப் பின்பக்கமாகத் தள்ளி, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை பிளாக்கின் முகத்தோடு ஒட்டி வைத்திருப்பதும் அதுதான். ரோலர் லோபில் சரிவு கிடையாது. ஆகவே கேமை ஒரே இடத்தில் நிறுத்த ஆளில்லை. அது முன்னும் பின்னும் நடக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கியர் சாய்வுப் பல் கியர் என்பதால் கேம் நகர்ந்தால் இக்னிஷன் டைமிங்கும் கூடவே நகரும்.

இதற்கு மருந்து கேம் பட்டன். ஸ்ப்ராக்கெட்டின் நடுவில் உட்கார்ந்து, டைமிங் கவரின் உள்பக்கத்தில் முட்டி நிற்கும் சின்னக் குமிழ். நைலானில் வரும், அலுமினியத்தில் வரும், நுனியில் நீடில் பேரிங் வைத்தும் வரும். நான் பேரிங் வைத்ததைத்தான் வாங்குவேன். ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் பிளாக்கில் உரசும் இடத்திலும் பேரிங் வைத்த டைமிங் செட் (செயினும் ஸ்ப்ராக்கெட்டுகளும்) கிடைக்கும். பட்ஜெட் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமின் முன்-பின் ப்ளே 5 முதல் 10 தௌ வரை இருக்கலாம். அளக்கும் முறை: கவரை கேஸ்கெட்டோடு பூட்டி போல்ட்டுகளை முறுக்குங்கள். இன்டேக் மேனிஃபோல்ட் இன்னும் ஏறவில்லை என்பதால் மேலே திறந்தே இருக்கும். டயல் கேஜின் முனையை ஒரு லோபின் பக்கவாட்டில் வையுங்கள். லோப்களுக்கு நடுவில் கிரைண்ட் செய்யாத சொரசொரப்பான பகுதியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேமை மெதுவாக முன்னால் நெம்புங்கள், பிறகு பின்னால். முள் நகர்ந்த தூரம்தான் ப்ளே. அதிகம் என்றால் பட்டனுக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடு. குறைவு என்றால் ஷிம்மை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டனைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

முதல் தடவை நான் இதையெல்லாம் செய்து 7 தௌ வைத்தேன். பெருமையாக இருந்தது. இன்ஜின் ஓடியதும் டைமிங் லைட்டை அடித்தேன். கிராங்கின் முன்முனையில் உள்ள ஹார்மோனிக் பேலன்ஸரில் இருந்த குறி ஓரிடத்தில் நிற்கவில்லை. மூன்று நான்கு டிகிரிக்கு அங்கும் இங்கும் ஆடியது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சந்தேகப்பட்டேன், செயினைச் சந்தேகப்பட்டேன், லைட்டையே சந்தேகப்பட்டுப் பக்கத்து வீட்டு லைட்டை இரவல் வாங்கினேன். கடைசியில் பார்த்தால் பழைய மெல்லிய தகரக் கவர். பட்டன் முட்ட முட்ட அது வெளிப்பக்கம் வளைந்துகொடுத்தது. மேஜையில் அளந்த 7 தௌவுக்கு ஓடும்போது அர்த்தமே இல்லை. தடித்த வார்ப்பு அலுமினியக் கவர் மாட்டிய பிறகு குறி ஆணி அடித்த மாதிரி நின்றது. தகரக் கவர்தான் வேண்டும் என்றால் வாட்டர் பம்ப் பக்கத்திலிருந்து அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாப்பாவது போடுங்கள்.

டிகிரி பார்த்தல்

டிகிரி பார்ப்பது என்றால் கேம் கிராங்கோடு சரியான கோணத்தில் நிற்கிறதா என்று அளப்பது. டைமிங் செட்டில் புள்ளிக்குப் புள்ளி நேராக வைத்தால் போதாதா என்பார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் கீவே (சாவிக் காடி), டவல் பின் (இடம் பிடிக்கும் ஊசி), லோப் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகு சேர்ந்தால் நான்கு டிகிரி தள்ளி நிற்கலாம். கிராங்கில் மாட்டும் ஒரு டிகிரி வீலும் டயல் கேஜும் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

முதலில் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பிஸ்டனின் உச்சியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, அங்கே அது சில டிகிரிக்கு அசையாமல் நிற்கும். முதல் சிலிண்டரின் மேல் பிஸ்டன் ஸ்டாப் பூட்டுங்கள். பிஸ்டன் அதில் முட்டும்வரை ஒரு பக்கம் சுற்றி டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள்; மறுபக்கம் சுற்றி முட்டியதும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் சமமாக வரும்வரை வீலைச் சுட்டும் முள்கம்பியை வளையுங்கள். சமமானால் பூஜ்ஜியம்தான் டிடிசி. ஸ்டாப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

இப்போது டயல் கேஜை முதல் சிலிண்டரின் இன்டேக் லிஃப்டர் மேல் வையுங்கள். உள்ளே அமுங்கும் பிளஞ்சர் மேல் வைக்காமல் உடம்பின் விளிம்பில் வைக்க வேண்டும். உச்சியில் கேஜைப் பூஜ்ஜியமாக்குங்கள். உச்சிக்கு 50 தௌ முன்னால் வீல் என்ன காட்டுகிறது, உச்சியைத் தாண்டி 50 தௌ இறங்கும்போது என்ன காட்டுகிறது என்று குறியுங்கள். முதலாவது 72, இரண்டாவது 142 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 214, பாதி 107. இன்டேக்கின் நடுக்கோடு டிடிசிக்கு 107 டிகிரி பின்னால் இருக்கிறது. கேம் அட்டையில் 106 என்று இருந்தால் ஒரு டிகிரி தாமதம், விட்டுவிடலாம். 110 என்று வந்தால் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் வேறு கீவேக்கு மாற்றுங்கள். எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய், மறுபடி வாருங்கள். இல்லாவிட்டால் செயினின் தொய்வு கணக்கில் சேர்ந்துவிடும்.

முடிந்ததும் மூன்று கேம் போல்ட்டுகளுக்கும் நீல லாக்டைட் போட்டு 20 அடி-பவுண்டு அளவில் முறுக்குங்கள்.

பிஸ்டனும் வால்வும்

ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு தற்காலிகமாக ஏற்றி, பிஸ்டன் தலையில் களிமண் வைத்து இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இதற்கு ஹைட்ராலிக் லிஃப்டர் ஒத்துவராது, அமுங்கிவிடும். அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் சாலிட் லிஃப்டர் வேண்டும், அல்லது மெல்லிய சோதனை ஸ்பிரிங் போட வேண்டும். களிமண்ணை வெட்டி மிக மெல்லிய இடத்தை அளந்தால் இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்டில் 100 தௌவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கையால் சுற்றும்போது எங்காவது முட்டினால் பலம் போடாதீர்கள்.

புஷ்ராட் நீளம்

பழைய தட்டை லிஃப்டருக்கான புஷ்ராட் 7.8 அங்குலம். ரோலர் லிஃப்டர் உயரம் என்பதால் புஷ்ராட் ஏறக்குறைய அரை அங்குலம் குட்டையாகி 7.2, 7.3 என்று வரும். சரியான எண்ணை யாரையும் கேட்காதீர்கள். உங்கள் ஹெட், உங்கள் பிளாக், உங்கள் கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் அது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சோதனைப் புஷ்ராட் ஒன்று வாங்குங்கள். விலை கொஞ்சம்தான்.

வால்வின் நுனியில் மார்க்கர் மையைப் பூசுங்கள். ராக்கரைப் பூட்டி இன்ஜினைச் சில தடவை சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். ராக்கர் நுனி மையைத் துடைத்த பட்டை ஒன்று தெரியும். அது ஒல்லியாக, நடுவை ஒட்டி இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் ஒதுங்கியிருந்தால் புஷ்ராட் நீளம்; இன்டேக் பக்கம் என்றால் குட்டை. நடுவில் இருக்கிறதா என்பதைவிட ஒல்லியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அகலமான பட்டை என்றால் ராக்கர் வால்வைப் பக்கவாட்டில் தேய்க்கிறது என்று அர்த்தம். கைடு சீக்கிரம் போய்விடும்.

ப்ரீலோட்

ப்ரீலோட் என்பது ஆட்டம் நின்ற பிறகும் லிஃப்டரின் பிளஞ்சரைக் கொஞ்சம் அமுக்கி வைப்பது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்க ஆரம்பிக்கும்போது இன்டேக்கை செட் செய்யுங்கள். இன்டேக் திறந்து ஏறக்குறைய மூடும்போது எக்ஸாஸ்ட். புஷ்ராடை விரலால் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நட்டை இறக்குங்கள். ஆட்டம் நின்ற இடம் பூஜ்ஜியம். சுழற்றிப் பார்த்து முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் லிஃப்டர் அமுங்கிய பிறகும் புஷ்ராட் சுழலும். அங்கிருந்து அரைச் சுற்று. 3/8 ஸ்டட்டில் அரைச் சுற்றுக்கு நட் 21 தௌ இறங்கும், 7/16 ஸ்டட்டில் 25. லிஃப்டர் தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டு பொறி

ஒன்று, கியர். கேம் எந்த உலோகம் என்று பார்த்து வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். பில்லெட் ஸ்டீல் கேமோடு சாதாரண இரும்பு கியர் ஓடினால் கியர் தேய்ந்து அந்தத் துகள் இன்ஜின் முழுக்கப் பரவும். மேல்தோலைக் கடினப்படுத்திய (மெலனைஸ் செய்த) ஸ்டீல் கியர் வேண்டும், அல்லது வெண்கலக் கியர். வெண்கலம் தானே தேய்ந்து கேமைக் காப்பாற்றும். அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். எது பொருந்தும் என்று கேம் அட்டையிலேயே எழுதியிருக்கும்.

இரண்டு, திசை. டைமிங் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்போது வெடிக்கத் தயாராக இருப்பது ஆறாவது சிலிண்டர். முதலாவது என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் 180 டிகிரி தப்பு; கார்புரேட்டர் வழியாகத் தீ கக்கும். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு இறக்குங்கள். வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2.

ஆனால் இறக்குவதற்கு முன் ஆயில் பம்ப்பைப் ப்ரைம் செய்ய, அதாவது ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சுற்றி எண்ணெயை எங்கும் அனுப்ப வேண்டும். டிரில்லில் ப்ரைமிங் கருவியை மாட்டி, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக ஓட்டுங்கள். அந்தக் கருவியில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பு மாதிரி காலர் இருக்க வேண்டும். வெறும் கம்பியை விட்டால் எண்ணெய் அந்தத் துளை வழியாகவே மேலே கசிந்து, லிஃப்டர்களுக்குச் சரியாகப் போகாது. நடுநடுவே கிராங்கைக் கால் சுற்று திருப்பிக்கொண்டு, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை ஓட்டுங்கள். கை வலிக்கும்.

ஸ்டார்ட்

தட்டை கேமுக்கு முதல் இருபது முப்பது நிமிடம் 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் அலற விட வேண்டும். ரோலருக்கு அந்தச் சடங்கு வேண்டாம். ரிங்கும் புதிது என்றால் ரிங்குக்கு உரிய ஓட்டத்தைக் கொடுங்கள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு லிஃப்டர் டக் டக் என்று தட்டும். காற்று வெளியேறியதும் அடங்கிவிடும். இன்ஜின் சூடான பிறகும் தட்டினால் நிறுத்தி, அந்த ராக்கரின் ப்ரீலோடை மறுபடி பாருங்கள்.

டைமிங் லைட்டை அடித்துக் குறி நிற்கிறதா என்று பாருங்கள். ஆடினால் காரணம் என்னவென்று உங்களுக்கு இப்போது தெரியும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எண்ணெயை மாற்றிவிட்டு, கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். வெண்கலக் கியர் போட்டிருந்தால் பொன் தூள் மாதிரி கொஞ்சம் மினுங்கும், பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டும் வெள்ளித் தகடுகள் இருந்தால் வால்வு கவரைத் திறக்க வேண்டியதுதான்.